மிக்கி பேக்கரின் ஜாஸ் கிட்டார் புத்தகம்: யார் வாங்கலாம், எப்படிப் படிக்கலாம்

அமெரிக்கக் கிட்டாரிஸ்ட் மிக்கி பேக்கர் எழுதிய 'கம்ப்ளீட் கோர்ஸ் இன் ஜாஸ் கிட்டார்' முதல் புத்தகத்தை வாங்கலாமா என்று என்னிடம் கிட்டார் கற்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால் எந்த நிலையில் வாங்க வேண்டும், வாங்கினால் எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லாமல் விட்டால், பாதிப் பேர் முதல் பாடத்தைப் பார்த்ததுமே மூடி அலமாரியில் வைத்துவிடுவார்கள். அப்படி ஆகக் கூடாத புத்தகம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

புத்தகம் முதலில் வந்தது 1955இல். இன்றும் அச்சில் இருக்கிறது, இணையக் கடைகளில் கிடைக்கிறது. பெரிய அளவுத் தாளில் ஒல்லியான புத்தகம். மொத்தம் 52 பாடங்கள். முற்பாதி முழுக்கக் கார்டுகள், அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்க வைக்கும் பிடிகள். பிற்பாதி லீட் வாசிப்பு, அதாவது மெட்டை ஒவ்வொரு சுரமாக வாசிப்பது. முன்னுரை, ஜாஸ் வரலாறு, அழகான புகைப்படங்கள் என்று எதையும் எதிர்பார்க்காதீர்கள். திறந்தால் நேராக வேலைதான்.

முதல் பாடத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் புத்தகத்தின் குணம் முழுவதும் அதில் தெரிந்துவிடுகிறது. 26 கார்டு படங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். இவற்றை மனப்பாடம் செய், அப்புறம் அடுத்த பாடத்துக்குப் போ என்கிறார் பேக்கர். அவ்வளவுதான் விளக்கம். சி மேஜர், ஜி மேஜர், டி மேஜர் என்று கிட்டாரின் தலைப்பக்கத்தில் பிடித்துப் பழகியவர்களுக்கு இந்தப் படங்கள் அந்நியமாக இருக்கும். திறந்த கம்பியை நம்பி நிற்காத, கழுத்தின் மேலும் கீழும் அப்படியே நகர்த்தக்கூடிய பிடிகள். மேஜர் செவன்த், மேஜர் சிக்ஸ்த், மைனர் செவன்த், நைன்த் என்று போய், தேர்ட்டீன்த் ஃபிளாட் ஃபைவ் ஃபிளாட் நைன் என்று ஒரு பெயர் வரும்போது படிக்கிறவருக்கு மூச்சு வாங்கும். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். கையில் பிடித்துப் பார்த்தால் அது ஒரு கைப்பிடிதான்.

அடுத்த பாடங்களில் அந்த 26 பிடிகளையும் எண் சொல்லி அழைத்து வேலை வாங்குகிறார். ஒரு பாட்டின் தாளில் நாலு தட்டுக்கு ஜி மேஜர் என்று மட்டும் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாம் நாலு தட்டும் அதையே தட்டுவோம். பேக்கர் இரண்டு தட்டுக்கு ஜி மேஜர் செவன்த், இரண்டு தட்டுக்கு ஜி சிக்ஸ்த் என்று பிரித்துவிடுகிறார். ஏ மைனர் என்று போட்டிருந்தால் ஏ மைனர் செவன்த். டி செவன்த் என்றால் அந்த நீளப் பெயர்க் கார்டு. விரல் ஒன்றோ இரண்டோதான் நகர்கிறது, ஆனால் ஒரு சின்ன மெட்டு தானாகவே இறங்கி வருவது காதில் விழுகிறது. ஒரே மூன்று கார்டுக்குள் கச்சேரி முழுக்க ஓட்டிப் பழகிய ரிதம் கிட்டாரிஸ்ட் (பாட்டுக்குப் பின்னால் கார்டு தட்டுகிறவர்) யாராக இருந்தாலும், இதை முதல் தடவை வாசிக்கும்போது முகத்தில் வெளிச்சம் வரும். நான் சொல்லித் தருகிறவர்களிடம் அதை நேரில் பார்த்திருக்கிறேன்.

ஏன் அப்படிச் செய்ய வேண்டும், எந்த இலக்கணப்படி இந்தக் கார்டு அந்த இடத்துக்குப் பொருந்துகிறது என்று பேக்கர் அனேகமாகச் சொல்வதே இல்லை. பலருக்கு இது பெரிய குறையாகப் படுகிறது. எனக்கு அப்படிப் படவில்லை. அவர் எப்படிப்பட்ட வேலையில் இருந்துகொண்டு இதை எழுதினார் என்று தெரிந்தால் இந்தப் பேச்சுக் குறைவு புரியும்.

பேக்கர் 1925இல் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் பிறந்தவர். சிறு வயதிலேயே அனாதை விடுதி. அங்கிருந்து ஓடுவதும், செயின்ட் லூயிஸ், சிகாகோ, பிட்ஸ்பர்க் என்று ஏதாவது ஊரில் பிடித்து அவரைத் திருப்பிக் கொண்டுவருவதுமாகப் பிள்ளைப் பருவம் போனது. 16 வயதில் நியூயார்க் வந்து, கூலி வேலை, பாத்திரம் கழுவும் வேலை என்று கிடைத்ததைச் செய்தார். 19 வயதில் இசைதான் இனி என்று முடிவெடுத்து, டிரம்பெட் வாங்கக் கிளம்பினார். கையில் இருந்தது 14 டாலர். அடகுக் கடையில் அந்தக் காசுக்கு டிரம்பெட் கிடைக்கவில்லை, கிட்டார்தான் கிடைத்தது. ஓர் இசைப் பள்ளியில் சேர்ந்தார், அங்கே பாடம் நகர்ந்த வேகம் போதவில்லை என்று விட்டுவிட்டார். அப்புறம் தானாகவும் தனி ஆசிரியர்களிடமும் கற்றுக்கொண்டார். அவர் காதில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது சார்லி பார்க்கரின் சாக்ஸபோன். ஜாஸ் கலைஞனாக ஆக வேண்டும் என்பதுதான் ஆசை.

1940களின் கடைசியில் சொந்தக் குழு அமைத்துக்கொண்டு கலிபோர்னியா போனார். அங்கே அவருடைய நவீன ஜாஸை யாரும் கேட்கவில்லை, சாப்பாட்டுக்கே கஷ்டம். அந்த நேரத்தில்தான் பீ வீ கிரேட்டன் என்ற புளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை) கிட்டாரிஸ்ட்டைப் பார்த்தார். கிரேட்டனிடம் பெரிய வெள்ளைக் கார் இருந்தது, குழுவுக்கென்று தனி பஸ் இருந்தது. கம்பியை வளைத்து வாசிக்கும் இந்த சங்கதிக்கு இவ்வளவு காசா என்று அவரிடமே கேட்டாராம் பேக்கர். பசிக்காகத்தான் நானும் கம்பியை வளைக்க ஆரம்பித்தேன் என்று பிற்காலத்தில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அதிசயம். நியூயார்க் திரும்பியவரை சவாய், கிங், அட்லாண்டிக் என்று ஒவ்வொரு இசைத்தட்டுக் கம்பெனியும் ரெக்கார்டிங்குக்குக் கூப்பிட்டது. 1950களின் முற்பாதியில் அந்த ஊரில் ரிதம் அண்ட் புளூஸ் பாட்டு ஒன்று பதிவாகிறது என்றால், கிட்டாருக்கு முதலில் நினைவுக்கு வருகிற பெயர்களில் இவருடையதும் ஒன்று. ரூத் பிரவுனின் 'ஹீ ட்ரீட்ஸ் யுவர் டாட்டர் மீன்' 1953இல் ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அதில் கிட்டார் பேக்கர். 1954இல் பிக் ஜோ டர்னர் பாடிய 'ஷேக், ராட்டில் அண்ட் ரோல்'. அதிலும் பேக்கர். 1956இல் ஸ்க்ரீமிங் ஜே ஹாக்கின்ஸின் 'ஐ புட் எ ஸ்பெல் ஆன் யூ'. அதிலும் இவர்தான். ட்ரிஃப்டர்ஸ், ரே சார்ல்ஸ், லூயி ஜோர்டன் என்று பட்டியல் போய்க்கொண்டே இருக்கிறது. இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய வட்டத் தாளில் பாடகர் பெயர் இருக்கும், எழுதியவர் பெயர் இருக்கும். கிட்டார் வாசித்தவர் பெயர் இருக்காது.

அந்த வேலை எப்படி இருந்தது என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். மூன்று மணி நேரக் கால்ஷீட், அதற்குள் நாலு பாட்டு. இசைக் கலைஞர்கள் சங்கம் நிர்ணயித்த சம்பளம் 41.25 டாலர். பாட்டு லட்சக்கணக்கில் விற்றாலும் வாசித்தவருக்கு அந்தச் சம்பளம் மட்டும்தான், மேற்கொண்டு பங்கு எதுவும் கிடையாது. அட்லாண்டிக் கம்பெனியின் ஸ்டுடியோ மன்ஹாட்டனில் 56ஆம் தெருவில் இருந்தது. ஸ்டுடியோ என்றால் பகலில் அலுவலகமாக இருக்கும் அதே அறைதான். மாலையில் மேஜைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, நாற்காலிகளைப் போட்டு, ஒலிப்பதிவாளர் டாம் டௌட் மைக் வைத்துப் பதிவு செய்வார். எந்த வாத்தியம் எதை வாசிக்க வேண்டும் என்று எழுதிய தாளை ஜெஸ்ஸி ஸ்டோன் கொடுப்பார். சாக்ஸபோனில் சாம் டெய்லர், பாஸில் லாயிட் டிராட்மன், டிரம்ஸில் கானி கேயோ பனாமா ஃபிரான்சிஸோ. இவர்களில் பெரும்பாலோர் ஜாஸில் வளர்ந்தவர்கள். தாளைப் பார்த்ததும் கை அந்தந்த இடத்துக்குப் போக வேண்டும். அங்கே உட்கார்ந்து இலக்கண விவாதம் பண்ண யாருக்கும் நேரம் கிடையாது.

இந்தப் புத்தகம் அந்த அறையிலிருந்து வந்தது. அதனால்தான் அது பேசாமல் கையைப் பழக்குகிறது. ஒரு பாடத்தை ஒரு ஸ்ருதியில் தருவார், மற்ற ஸ்ருதிகளுக்கெல்லாம் நீயே மாற்றி எழுதி வாசி என்பார். சும்மா வாசித்தால் போதாது, எழுத வேண்டும். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த வேலையைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கிறார்கள். தாண்டினால் புத்தகமே வீண். பாடகருக்குக் குரல் சரியில்லை, அரை ஸ்ருதி இறக்கு என்று கடைசி நிமிடத்தில் சொன்னால், இந்தப் பயிற்சியை எழுதிச் செய்தவர் பிடியை ஒரு ஃபிரெட் (கழுத்தின் ஒரு கட்டம்) கீழே இறக்கிவிட்டு நிம்மதியாக நிற்பார்.

12 பார் புளூஸை, அதாவது 12 தாளச் சுற்றில் திரும்பத் திரும்ப வரும் புளூஸ் அமைப்பை, எடுத்துக்கொண்டு அவர் செய்கிற மாற்றங்கள் எனக்கு மிகப் பிடித்த பகுதி. வெறும் மூன்று கார்டில் உருளும் அதே புளூஸ். அதன் இடைவெளிகளில், ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குக் கடத்திவிடும் கார்டுகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போகிறார். முதலில் மெதுவாக, மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) வைத்துக்கொண்டு வாசியுங்கள். அந்த ஸ்டுடியோ அறையில் இருந்தவர்கள் தெருவில் ஓடிய ஒரு புளூஸ் பாட்டை எந்தக் காதோடு கேட்டிருப்பார்கள் என்பது இந்தப் பாடங்களில் துல்லியமாகத் தெரிகிறது.

பிற்பாதி பற்றி அவ்வளவு உற்சாகமாகச் சொல்ல முடியவில்லை. ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன மெட்டு), பிரேக் (மற்றவர்கள் நிறுத்தும்போது தனியாக வாசிப்பது), ஃபில் (இடைவெளியை நிரப்பும் துணுக்கு), பாட்டின் முன்னிசை என்று தனித்தனியாக உருப்படிகளைத் தருகிறார். வேலைக்குப் போகிறவருக்கு இவை கைச்செலவுக்கு உதவும் சில்லறை மாதிரி, எந்தப் பாட்டிலும் எடுத்து வைக்கலாம். ஆனால் சில பகுதிகள் அந்தக் காலத்தோடு நின்றுவிட்டன. அதோடு எல்லாமே ஸ்டாஃப் நொட்டேஷனில், அதாவது ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய இசைக்குறிப்பில், இருக்கிறது. ஆறு கோடு போட்டு ஃபிரெட் எண் எழுதும் டேப்லேச்சர் இல்லை, கேட்டுப் பார்க்க ஒலிப்பதிவும் இல்லை. ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்கத் தெரியாதவர் முற்பாதியைக் கார்டு படங்களை வைத்தே ஓட்டிவிடலாம், பிற்பாதியில் திண்டாடுவார். கிட்டாரை இப்போதுதான் கையில் எடுத்திருக்கிறார் என்றால் இந்தப் புத்தகமே வேண்டாம். பாரே கார்டு (ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்தும் பிடி) சுத்தமாக ஒலிக்க வேண்டும், ஒரு பாட்டை முழுதாகத் தாளம் தவறாமல் வாசிக்கத் தெரிய வேண்டும். அதற்குப் பிறகு வாங்குங்கள்.

இன்னொரு விஷயம். இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பேக்கருக்குப் பேரும் சோறும் கொடுத்த அந்தக் கம்பி வளைப்பு, அந்தக் கூர்மையான ஒலி, அதை இந்தப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. உலகம் அவரிடம் காசு கொடுத்துக் கேட்டது ஒன்று. அவர் உட்கார்ந்து எழுதியது இன்னொன்று, தான் முதலில் ஆசைப்பட்ட ஜாஸ். ஆகவே புத்தகத்தை மட்டும் படித்தால் பாதி பேக்கர்தான் கிடைப்பார். பாட்டுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். இவ்வளவு கார்டு தெரிந்த ஒருவர், ஒரு பாடகருக்குப் பின்னால் உட்காரும்போது எவ்வளவு குறைவாக வாசிக்கிறார் என்று கவனியுங்கள். ஜோ டர்னரின் பாட்டில் குரலுக்கும் சாக்ஸபோனுக்கும் இடம் விட்டு அவர் ஒதுங்கி நிற்கிறார். தெரிந்ததையெல்லாம் கொட்டாத இந்த அடக்கத்தை எந்தப் பாடமும் சொல்லித் தராது. கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

அவர் முன்னால் வந்து நின்ற பாட்டும் ஒன்று உண்டு. அவரிடம் கிட்டார் கற்க வந்தவர்களில் ஒருவர் சில்வியா வாண்டர்பூல். கிட்டாரும் பாட்டுமாக வந்த லெஸ் பால், மேரி ஃபோர்டு ஜோடி அப்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதே மாதிரி நாமும் செய்தால் என்ன என்று 'மிக்கி அண்ட் சில்வியா' உருவானது. 1956 கடைசியில் வந்த 'லவ் இஸ் ஸ்ட்ரேஞ்ச்' 1957இல் ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் முதலிடம், பாப் பட்டியலில் 11ஆம் இடம். 1987இல் ஒரு திரைப்படத்தில் வந்ததால் இன்றைய பிள்ளைகளுக்கும் அந்தக் கிட்டார் தெரியும். லத்தீன் அமெரிக்கத் தாளத்தோடு மேல்கம்பிகளில் மின்னுகிற அந்த ரிஃபைக் கேட்டவர் மறக்க மாட்டார். சில்வியா பிற்பாடு சில்வியா ராபின்சன் என்ற பெயரில் சுகர் ஹில் ரெக்கார்ட்ஸ் நடத்தி, 1979இல் ராப் இசையின் முதல் பெரிய வெற்றிப் பாட்டைத் தயாரித்தவர்.

அந்த ரிஃப் விஷயத்தில் எனக்கு ஒரு வருத்தம் எப்போதும் உண்டு. அது பிறந்தது ஜோடி வில்லியம்ஸ் என்ற சிகாகோ கிட்டாரிஸ்ட்டின் கையில். பில்லி ஸ்டூவர்ட்டின் 'பில்லிஸ் புளூஸ்' இசைத்தட்டில் அவர் அதை ஏற்கெனவே வாசித்திருந்தார். ரிஃப் யாருடையது என்ற வழக்கு நீதிமன்றம் வரை போனது, வில்லியம்ஸ் தோற்றார். மனம் வெறுத்து இசையையே விட்டு விலகிப் பல பத்தாண்டுகள் வேறு வேலை பார்த்தார். 2000த்துக்குப் பிறகுதான் மறுபடி தன் பெயரில் ஆல்பம் போட்டார். பிறர் பாட்டுக்குப் பெயரில்லாமல் வாசித்து வாழ்ந்த பேக்கரின் மிகப் பெரிய வெற்றியிலும், பெயர் வராமல் போன இன்னொரு வாத்தியக்காரர் இருக்கிறார். பேக்கரை எவ்வளவு மதித்தாலும் வில்லியம்ஸின் பெயரையும் சேர்த்தே நான் மாணவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுகிறேன்.

1960களின் தொடக்கத்தில் பேக்கர் பிரான்ஸ் போய்விட்டார். அங்கேயே மெம்ஃபிஸ் ஸ்லிம், சாம்பியன் ஜாக் டுப்ரீ போன்ற புளூஸ்காரர்களோடும், பிரெஞ்சுப் பாடகர்களோடும் வாசித்து, துலூஸ் பக்கத்தில் ஒரு சிற்றூரில் வாழ்ந்து, 2012இல் காலமானார்.

புத்தகத்தோடு ஒரே ஒரு ஆல்பம் மட்டும் வாங்க முடியும் என்றால், அட்லாண்டிக் 1959இல் வெளியிட்ட 'தி வைல்டஸ்ட் கிட்டார்' வாங்குங்கள். 'நைட் அண்ட் டே', 'ஆட்டம் லீவ்ஸ்' மாதிரியான, ஜாஸ்காரர்கள் வழக்கமாக எடுக்கும் மெட்டுகளையே எடுத்துக்கொண்டு, காதைக் கிழிக்கும் கரடுமுரடான எலெக்ட்ரிக் ஒலியில் வாசித்திருக்கிறார். புத்தகத்தில் இருக்கும் ஜாஸ்காரரும் பசிக்காகக் கம்பியை வளைத்தவரும் இந்த ஆல்பத்தில் ஒரே ஆளாக நிற்கிறார்கள். முதல் பாடத்தின் கார்டுகள் கைக்கு வந்த பிறகு கேட்டால், முன்பு கேட்காத பல விஷயங்கள் இதில் கேட்கும்.

சரி, எப்படிப் படிப்பது? முதல் பாடத்தின் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு பிடிகள் போதும், ஆனால் பார்க்காமல் பிடிக்க வேண்டும். எண்ணை யாராவது சொன்னால் கை போக வேண்டும். வீட்டில் தம்பியோ தங்கையோ இருந்தால் எண் சொல்லச் சொல்லுங்கள், அவர்களுக்கும் விளையாட்டாக இருக்கும். 26ம் வந்த பிறகு வாரத்துக்கு ஒரு பாடம். 52 பாடம் என்றால் ஏறக்குறைய ஒரு வருஷக் கணக்கு. அவசரப்பட்டு மூன்று பாடங்களை ஒன்றாக விழுங்கினால் ஸ்ருதி மாற்றி எழுதும் வேலைதான் முதலில் அடிபடும். அதோடு, கற்ற மாற்றங்களை உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தமிழ்ப் பாட்டிலும் அன்றே போட்டுப் பாருங்கள். பல்லவியில் நீளமாக நிற்கும் ஒரு மேஜர் கார்டை இரண்டாகப் பிரித்தால் போதும். சில பாட்டுகளுக்கு அழகாக உட்காரும், சில பாட்டுகள் தள்ளிவிடும். நேரான கிராமிய மெட்டுகளில் இந்தக் கார்டுகளைத் திணிக்காதீர்கள். எது ஏற்கிறது, எது தள்ளுகிறது என்று காது பழகப் பழகத்தான் ரிதம் கிட்டாரிஸ்ட்டை நம்பி மேடையில் விடுவார்கள்.

கார்டு ஏன் அப்படி வேலை செய்கிறது என்ற இலக்கணம் வேண்டும் என்றால் அதற்குத் தனியாக ஆசிரியரையோ வேறு புத்தகத்தையோ நாடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தாலும் தவறில்லை, ஆனால் இலக்கணம் புரியும்வரை கையை நிறுத்தி வைக்காதீர்கள்.

இதற்கு இரண்டாம் புத்தகமும் உண்டு. இணையக் கடைகளில் இரண்டையும் சேர்த்து வாங்கச் சொல்லிக் காட்டும். இப்போதைக்கு வேண்டாம். முதல் புத்தகத்தின் முற்பாதியை எந்த ஸ்ருதியில் கேட்டாலும் வாசிக்க முடிகிறது என்ற நிலை வரட்டும், அப்புறம் அதை வாங்கிக்கொள்ளலாம்.